காந்தத்துக்கு லீவு கிடையாது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை இல்லை. ஆர்டரில் வந்தது. பிறகு யாராவது கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஃபிளக்ஸ் கடை. காதுகுத்து, கல்யாணம், கடைத்திறப்பு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் வாசகம் எழுதி அடித்துத் தருவேன். ஓய்ந்த நேரத்தில் சிறுகதை எழுதுவேன். பதினான்கு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. என் மனைவி உம்மு சல்மா அவற்றில் இரண்டைப் படித்திருக்கிறாள். ஒன்று பிடித்திருந்தது என்றாள். எது என்று இன்றுவரை சொல்லவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரி மேனேஜர் கடைக்கு வந்தார். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு நான்தான் பலகைகள் எழுதித் தருகிறேன்.

"இஷாக் பாய், சனிக்கிழமை பத்து மணிக்கு ஸ்டாஃப் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. பாதுகாப்புப் பயிற்சி. இந்தத் தடவை தமிழ்ல நடத்துறோம். வாசிச்சுக் காட்ட ஒரு கதை வேணும். அலட்சியமா இருந்த ஒரு தொழிலாளி, அதனால ஒரு விபத்து, கடைசில அவரே உணர்ந்து திருந்தணும். பேரை மட்டும் மாத்திருங்க."

பேரை மாற்றி என்ன பிரயோஜனம்? அந்தத் தொழிலாளி யாரென்று ஆஸ்பத்திரி கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரியும். சடையாண்டி. எம்.ஆர்.ஐ. அறையின் உதவியாளர். ஆயுத பூஜை அன்று நடந்த விபத்துக்குப் பிறகு கையில் கட்டோடு வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமை கதை முடிந்ததும் அவர் எழுந்து ஒரு கடிதம் வாசிக்க வேண்டுமாம். 'எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தும் அலட்சியமாக உள்ளே சென்றேன்' என்று மேனேஜரே எழுதி வைத்திருக்கிறார். வாசித்துக் கையெழுத்துப் போட்டால் வண்டி ஸ்டாண்டுக்கு மாற்றுவார்கள். போடாவிட்டால் வேலை இல்லை.

ஆக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ்கள், உதவியாளர்கள், துப்புரவுக்காரர்கள். (ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கையில் இந்தத் தாள் கிடைத்திருந்தால், பின் வரிசையில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். டீ உண்டு.)

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

'அலட்சியம் என்பது ஒரு நோய். அதற்கு மருந்து—'

இது கதையில்லை, காலண்டர் தாளின் கீழே வருகிற வாசகம்.

'முத்துச்சாமி அன்று காலையிலிருந்தே கவனமில்லாமல் இருந்தான். போர்டில் எழுதியிருந்ததை அவன் ஒருநாளும்—'

பேரை மாற்றிவிட்டேன், ஆளை 'அவன்' ஆக்கிவிட்டேன், எல்லாம் மேனேஜர் சொன்னபடிதான். ஆனால் 'ஒருநாளும்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒருநாளும் படிக்கவில்லை என்று எழுத வேண்டும். அது பச்சைப் பொய்.

'எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் இருப்பது ஒரு பெரிய காந்தம்.'

இது உண்மை. பயிற்சிக் கதை என்பதால் இந்த உண்மையை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கு அணைந்தாலும், ஏசி நின்றாலும், ஊருக்கே கரண்ட் போனாலும் அந்தக் காந்தம் நிற்காது. கடுங்குளிரில் வைத்த கம்பிச் சுருளுக்குள் மின்சாரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். டக்டக்கென்று சத்தம் வந்தால்தான் மிஷின் வேலை செய்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சத்தம் படம் எடுப்பதற்கு. இழுப்பதற்குச் சத்தமே வேண்டாம். ராத்திரி பகல், ஞாயிறு, தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எதிலும் அதற்கு லீவு கிடையாது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் டெக்னீஷியன் ஏஞ்சலின். எப்போது சொன்னார் என்பது பின்னால் வரும். (வர வேண்டும். வராமல் நான் எங்காவது நழுவினால் கையைத் தூக்குங்கள்.)

3

எனக்குப் பாத்திரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. சடையாண்டியை எப்படி அலட்சியக்காரராக எழுதுவது?

போன வருஷம் என் அம்மாவுக்கு முதுகு ஸ்கேன் எடுக்கப் போனோம். அம்மா பெயர் சைனம்பு, எழுபத்திரண்டு வயது, நெஞ்சு தைரியத்துக்குப் பெயர்போன குடும்பம் என்று சொல்லிக்கொள்வாள். அந்த வளையத்துக்குள் போகப் பயந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். சடையாண்டி அவசரப்படுத்தவில்லை.

"ஆத்தா, செத்த நேரம் இப்படி உக்காருங்க. இடுப்புல சாவி எதுவும் செருகியிருக்கீங்களா? தாயத்து? முடியில ஊசி?"

அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பீரோ சாவி, ஊக்கு மூன்று, மருந்துச் சீட்டில் குத்தியிருந்த குண்டூசி. சடையாண்டி ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வெளி நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை இருந்தது, அலமாரி இருந்தது. ஏன் மடியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உள்ள இருந்து வரும்போது பொருளைத்தேன் பாய் மொதல்ல தேடுவாக. நான் மடியிலயே வச்சிருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டா, படுத்திருக்கையில அதையே நெனச்சுக்கிட்டு இருக்க மாட்டாக பாருங்க. ஆடாம கெடப்பாக. படம் நல்லா வரும்."

அதற்கு முன்னால் அவர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதவில் ஒட்டியிருந்த பலகையைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். எல்லா நோயாளிக்கும் அப்படித்தான் வாசித்துக் காட்டுவாராம். 'போர்டுல போட்டிருக்குல்ல' என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கிற பேச்சு.

இந்த மனிதரைத்தான் நான் பலகையை மதிக்காதவர் என்று எழுத வேண்டும்.

4

ஆயுத பூஜை அன்று நடந்தது. (ஏஞ்சலின் சொன்னதையும் சடையாண்டி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இதில் என் கற்பனை சந்தனத்தின் வாசனை மட்டும்தான். அன்று எனக்கு ஜலதோஷம், அந்தப் பக்கமே போகவில்லை.)

அன்று காலை ஸ்கேன் எதுவும் இல்லை. திண்டுக்கல்லில் அன்றைக்கு எந்தத் தொழிலும் ஓடாது. லாரிக்கு மாலை, தையல் மிஷினுக்குப் பொட்டு, கால்குலேட்டருக்குக்கூடக் குங்குமம். ஆஸ்பத்திரியையும் முதல்நாளே கழுவி விட்டாயிற்று. ஏஞ்சலின் எம்.ஆர்.ஐ. அறைக் கதவைத் துடைப்பதற்காகத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் மிஷினை இயக்குகிற கன்சோல் அறையில் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் வருஷா வருஷம் சந்தனம் குழைப்பது அவர்தான், நன்றாகக் குழைப்பார்.

"என்னம்மா, மிஷினை நிப்பாட்டியாச்சா?" என்று கேட்டிருக்கிறார் சடையாண்டி.

"இன்னைக்கு மிஷினுக்கு லீவுண்ணே" என்று சிரித்திருக்கிறார் ஏஞ்சலின்.

ஆயுதங்களைப் பெரிய மிஷினின் காலடியில் வைத்துத்தானே கும்பிடுவோம்? சடையாண்டி எலக்ட்ரீஷியன் அறைக்குப் போய் சுத்தியல், ஸ்பேனர், கட்டிங் பிளேயர் மூன்றையும் துடைத்துப் பொட்டு வைத்து வாழையிலையில் அடுக்கிக்கொண்டு வந்தார். கதவருகில் நின்றார். பலகையைப் படித்தார். (படித்தார். இதை இரண்டு தடவை சொல்கிறேன்.) செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"யாரோ கையிலருந்து வாங்கிக்கிற மாதிரி இருந்துச்சு பாய்" என்றார் என்னிடம். "சுத்தியல் எந்திரிச்சுப் போயிருச்சு. ஸ்பேனரும் கெளம்புச்சு. பூசைப் பொருளு கீழ விழுந்துறக் கூடாதேன்னு கெட்டியாப் பிடிச்சேன்."

விட்டிருந்தால் கைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிடித்ததால் ஸ்பேனர் கையையும் சேர்த்துக் கொண்டுபோய் இயந்திரத்தின் விளிம்பில் மோதியது. வலது கட்டைவிரல் நசுங்கிவிட்டது. ஏஞ்சலின் சந்தனக் கையோடு ஓடி வந்தபோது சடையாண்டி கேட்ட முதல் கேள்வி, "உள்ள யாரும் படுத்திருக்கலையேம்மா?" என்பது.

ஒட்டிக்கொண்ட சுத்தியலை எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வர வேண்டியிருந்தது. ஒன்பது நாள் ஸ்கேன் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து வந்தவர்களையெல்லாம் மதுரைக்கு அனுப்பினார்கள். மேனேஜருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. மிஷின் வந்த புதிதில் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து இங்கிலீஷில் படம் போட்டு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? சமோசா கொடுத்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டீர்கள். சடையாண்டியும் போட்டார். அந்தக் கையெழுத்துதான் இப்போது மேனேஜரின் ஃபைலில் முதல் தாள்.

5

கதைக்குத் தகவல் சேகரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஏஞ்சலினைப் பார்த்தேன். அவர் என் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"கதவைத் தொறந்து வச்சது நான் பாய். லீவுன்னு வெளாட்டாச் சொன்னதும் நான்தான். அதையும் எழுதிருங்க."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நீ இல்லாட்டி மிஷின் ஓடாது, பேசாம இருன்னுட்டாரு." நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "அன்னைலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல பாய்" என்றார்.

அடுத்து சாணார்பட்டிப் பக்கம் சடையாண்டி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். டீ வந்தது, முறுக்கு வந்தது. கடிதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"போட்டுருவேன் பாய். கையெழுத்துப் போட்டா சோத்துக்கு வழி இருக்குல்ல. ஆனா என்னத்தத் தப்பாப் படிச்சேன்னுதேன் வெளங்க மாட்டேங்குது. எனக்கு அந்த போர்டு மனப்பாடம். ஆயிரம் பேருக்கு வாசிச்சுக் காட்டியிருப்பேன்." கண்ணை மூடிச் சொன்னார். "இயந்திரம் இயங்கும் வேளை இரும்போடு வராதீர். அம்புட்டுத்தேன?"

நான் முறுக்கை உடைத்தேன்.

"அன்னைக்கு மிஷினு இயங்கலையே பாய். பாத்துட்டுத்தேன போனேன். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல வேற எதுவும் போட்டிருந்துச்சா? என் கண்ணுக்குத் தப்பிருச்சோ? நீங்க படிச்சவுக. போர்டை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுங்களேன்."

"பழைய போர்டைக் கழட்டிட்டாங்கண்ணே" என்றேன்.

அது உண்மைதான். கழற்றியது நான்.

6

வீட்டுக்கு வந்து இதுவரை எழுதியதை உம்மு சல்மாவிடம் கொடுத்தேன். மூன்றாவது கதையாவது அவள் படிக்கட்டும் என்று. அடுப்படியில் நின்றபடியே படித்தாள்.

"கதவைத் தொறந்தவ இருக்கா. லீவுன்னு சொன்னவ இருக்கா. சமோசா குடுத்தவன்கூட இருக்கான். போர்டு எழுதுன ஆளை மட்டும் காணோமே."

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"கடையில அந்தப் பழைய போர்டை ஏன் செவுத்தைப் பாக்கத் திருப்பி வச்சிருக்கீங்கன்னு நானும் ரெண்டு வாரமா கேக்கணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, தாள்களை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "அல்லாஹ்வுக்குப் பயந்து எழுதுங்க."

எழுதுகிறேன்.

மிஷின் வந்தபோது கம்பெனி ஒரு வாசகத்தை இங்கிலீஷில் அனுப்பியிருந்தது. அதைத் தமிழாக்கிப் பலகை செய்ய வேண்டியது என் வேலை. அதன் அர்த்தம் இதுதான்: காந்தம் எந்நேரமும் வேலை செய்துகொண்டிருக்கும். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. கரண்ட் இல்லாதபோதுகூடவா? கம்பெனிக்காரன் பயமுறுத்துகிறான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை ஏஞ்சலினிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எழுத்தாளன் இல்லையே.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அந்த வாக்கியம் எனக்கு மொட்டையாகத் தெரிந்தது. ஓசை இல்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன், சட்டென்று விழுந்தது: இயந்திரம், இயங்கும், இரும்போடு. மூன்று இ. அன்று மதியம் பிரியாணி தனி ருசியாக இருந்தது. ஏஞ்சலினுக்கு ஃபோனில் அனுப்பினேன். அவர் நோயாளிகளைக் கவனிப்பதற்கு நடுவே, சரி என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மைப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அச்சடித்துவிட்டேன்.

பலகையைக் கதவில் ஒட்டிய அன்று மறுமுனையைப் பிடித்தவர் சடையாண்டி. "ஒரு நூல் எறக்குங்க பாய், சாஞ்சிருக்கு" என்றார். ஒட்டி முடித்ததும் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார்.

"பாட்டு மாதிரி இருக்கு பாய்."

என் பதினான்கு கதைகளுக்கும் சேர்த்து அப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது விளங்குகிறதா? இயங்கும் வேளை வராதீர் என்றால், இயங்காத வேளை வரலாம் என்றுதானே அர்த்தம். அவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு, அதன்படி நடந்தார். மோனைக்கு ஆசைப்பட்டு நான் ஒரு மனிதரின் கட்டைவிரலைக் காவு கொடுத்திருக்கிறேன். விபத்துக்கு மறுநாள் மேனேஜர் புதுப் பலகை கேட்டார். இந்தத் தடவை ஏஞ்சலின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அப்போதுதான் இரண்டாம் பகுதியில் சொன்ன உண்மையெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒட்டுவதற்கு நான் பிளேடை எடுத்ததும், "பாய், அதை இங்கயே வச்சிருங்க. சட்டைப்பையில சாவி இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொள்ள அன்று சடையாண்டி இல்லை. பழைய பலகையை நாளிதழில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் கடையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

7

முடிவுகள்.

(அ) மேனேஜர் கேட்டது. சடையாண்டி எழுந்து கடிதத்தை வாசிக்கிறார். குரல் உடைகிறது. எல்லாரும் கைதட்டுகிறீர்கள். அவர் வண்டி ஸ்டாண்டுக்குப் போய் டோக்கன் கிழிக்கிறார். நான் அடுத்த பலகைக்கு வாசகம் யோசிக்கிறேன். இந்த முடிவை எழுதக் கால் மணி நேரம் போதும். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன்.

(ஆ) நான் மைக்கைப் பிடித்து, தழுதழுத்த குரலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மேனேஜர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறார். சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாய் நீங்க பெரிய மனுசன் என்கிறார். கைதட்டல். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்பிக்கை இல்லை. விரல் போனது அவருக்கு. கைதட்டல் எனக்கா?

(இ) சடையாண்டி என் சட்டையைப் பிடித்து, ஏன் பாய் இப்படி—

இதை எழுத முடியவில்லை. அவர் அப்படிக் கேட்க மாட்டார். கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

8

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஒரு பலகைதான் இருக்கிறது.

நான் இதை வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிஷம், உங்கள் முன்னால் மேஜையில் நாளிதழ் சுற்றி ஒன்று கவிழ்த்து வைத்திருக்கிறேனே, அதுதான். ஏதோ பரிசு என்று நினைத்திருப்பீர்கள். நான் எழுதி, நான் ஒட்டி, நான் கழற்றி எடுத்துப் போன அதே பழைய பலகை. அதன் பக்கத்தில் மேனேஜரின் கடிதமும் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

மேனேஜர் சார், கோபப்படாதீர்கள். நீங்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். அலட்சியமாக இருந்த ஒரு தொழிலாளி, அதனால் வந்த விபத்து, கடைசியில் அவரே உணர்வது, எல்லாம் இருக்கிறது. ஆள்தான் வேறு. அவனுடைய பெயரையும் நான் மாற்றவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. யாராவது ஒருவர் எழுந்து வந்து நாளிதழைப் பிரித்துப் பலகையைத் திருப்புங்கள். ஏஞ்சலின், நீங்களே வாருங்கள், நான் கூப்பிட்டால் கூச்சப்பட மாட்டீர்கள். பிறகு அதை மூன்றாவது வரிசை ஓரத்தில், கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு கையால் பிடிக்க முடியாது. மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அவர் மெதுவாகத்தான் வாசிப்பார். கட்டுக்கு வெளியே தெரிகிற விரலை ஒவ்வொரு எழுத்தாக வைத்து வாசிப்பார். இடையில் யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் வாசித்து முடித்த பிறகு அந்தக் கடிதத்தை என்ன செய்வது, அவர் திங்கட்கிழமை எந்த வாசலில் நிற்பது என்பதை நீங்கள் எல்லாரும் பேசி முடிவெடுங்கள். நான் எழுத மாட்டேன். நான் எழுதி ஆனது போதும்.

சடையாண்டி அண்ணே, வாசிங்க. கீழ சின்ன எழுத்துல எதுவும் கிடையாது. நீங்க சரியாத்தான் படிச்சீங்க.